ஈரல் நோயாளியின் நெஞ்சில் நீர்: எடுத்துப் பார்க்காமல் பெயர் வைக்காதீர்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எந்த ஊர் மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்தாலும், இப்படியொரு நோயாளியைச் சந்திக்க உங்களுக்கு அதிக நாள் ஆகாது. வயிறு பெருத்திருக்கும். கை, தோள் எல்லாம் வற்றியிருக்கும். கண்ணில் லேசாக மஞ்சள் தெரியும். ஈரல் சுருங்கிவிட்டது என்று எழுதிய பழைய சீட்டு ஒன்று பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும். இப்போது புதிதாக மூச்சு வாங்குகிறது என்று வந்திருப்பார். முதுகின் வலப்பக்கம் தட்டினால் மந்தமாகக் கேட்கும். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெளுத்திருக்கும். “ஈரல் நீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது” என்று வார்டில் யாராவது ஒருவர் உடனே சொல்லிவிடுவார்.

பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அதே எக்ஸ்ரே படத்துடன் காசநோய் வரும், நிமோனியாவை ஒட்டிய சீழ் வரும், புற்றுநோய் வரும், இதயம் தளர்ந்ததால் சேர்ந்த நீரும் வரும். ஈரலிலிருந்து வந்த நீரிலேயே கிருமி புகுந்து, காய்ச்சல்கூட இல்லாமல் இரண்டு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். படத்தைப் பார்த்து இவற்றைப் பிரிக்க எவராலும் முடியாது. ஊசி போட்டு நீரை எடுத்து, சோதித்து, அதன் பிறகு பெயர் வையுங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். புதிதாகச் சேரும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் படித்தால், மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதாவது விளங்கும்.

நீர் எப்படி மேலே போகிறது

ஈரல் கல்லாக இறுகும்போது, குடலிலிருந்து அதற்கு வரும் போர்ட்டல் ரத்தநாளத்தில் அழுத்தம் ஏறுகிறது. உடல் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கத் தொடங்குகிறது. வயிற்றறையில் நீர் கோக்கிறது. நம் பெரியவர்கள் மகோதரம் என்று சொன்னது இதைத்தான். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில், குறிப்பாக வலப்பக்கத்தின் தசைநார்ப் பகுதியில், சிலருக்குச் சிறு துளைகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவானவை. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, வயிற்று நீர் அந்தத் துளைகள் வழியாக மேலே உறிஞ்சப்படுகிறது. இதற்கு ஹெப்பாட்டிக் ஹைட்ரோதோராக்ஸ் என்று பெயர். ஈரல் சுருக்க நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வருகிறது. வழக்கமாக 500 மில்லிலிட்டருக்கு மேல் நீர் இருந்து, அதற்கு இதயமோ நுரையீரலோ அதன் உறையோ காரணமில்லை என்று உறுதியானால்தான் இந்தப் பெயரைப் பயன்படுத்த வேண்டும்.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, வயிறு ஐந்தாறு லிட்டரைத் தாங்கும். நெஞ்சு தாங்காது. ஒன்றிரண்டு லிட்டரிலேயே மூச்சு முட்டும். இரண்டாவது, வயிற்றில் நீர் ஊறும் வேகத்துக்கு ஈடாக நெஞ்சு இழுத்துக்கொண்டால் வயிறு ஒட்டியே இருக்கும். வயிறு ஒட்டியிருக்கிறதே, இது எப்படி ஈரல் நீராகும் என்று தள்ளிவிடாதீர்கள்.

கேட்க வேண்டியவை

நோயாளி உங்களிடம் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார். ‘இளைப்பு’ என்பார், ‘மேல்மூச்சு’ என்பார், வலைக்கயிற்றை இழுக்க முடியவில்லை என்பார், பள்ளிவாசல் படி ஏறியதும் நின்றுவிடுகிறேன் என்பார். எந்த நிலையில் மூச்சு முட்டுகிறது என்று கேளுங்கள். நீர் சேர்ந்தவருக்கும் இதயம் தளர்ந்தவருக்கும் படுத்தால் முட்டும், எழுந்து உட்கார்ந்தால் தணியும். இதற்கு நேர்மாறாக, உட்கார்ந்தால் முட்டுகிறது, படுத்தால் சுகமாக இருக்கிறது என்று ஓர் ஈரல் நோயாளி சொன்னால் உடனே கவனியுங்கள். அது நுரையீரலின் நுண்ணிய ரத்தநாளங்கள் விரிந்துபோவதால் வரும் வேறொரு கோளாறாக இருக்கலாம். அவருக்கு நெஞ்சில் கொஞ்சம் நீர் இருந்தாலும் அதை எடுத்தால் மூச்சு சரியாகாது. எக்ஸ்ரேயில் தெரியும் நீரின் அளவுக்கும் மூச்சுத் திணறலுக்கும் பொருத்தமில்லையென்றால், எப்போதுமே இன்னொரு காரணம் ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைகளைப் பையோடு வாங்கிப் பாருங்கள். ‘நீர் மாத்திரை’ சாப்பிடுகிறாரா, எத்தனை நாளாக என்பது பின்னால் சோதனை முடிவைப் படிக்கும்போது தேவைப்படும். மருந்துக்கடையில் இடுப்பு வலிக்கு என்று போட்டுக்கொண்ட ஊசி, வாங்கிய வலி மாத்திரை எல்லாவற்றையும் கேளுங்கள். டைக்ளோபெனாக் போன்றவை இந்த நோயாளிகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நீர் மாத்திரையையும் வேலை செய்ய விடாது.

உப்பைப் பற்றிக் கேட்கும்போது “உப்புக் குறைக்கிறீர்களா?” என்றால் “குறைத்துவிட்டேன்” என்ற பதில்தான் வரும். இது வாலிநோக்கத்தில் உப்பளமும் பாம்பனில் கருவாடு காயும் மணலும் உள்ள கரை. இங்கே உப்பு கிண்ணத்தில் மட்டும் இல்லை. காலைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேளுங்கள். நெத்திலிக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று பதில் வந்தால் கணக்கு விளங்கிவிடும். நாளொன்றுக்கு மொத்தமே ஐந்து கிராம் உப்புதான் இவர்களுக்கு அனுமதி.

காசநோய்க்கான கேள்விகளை ஒருபோதும் விடாதீர்கள். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, வீட்டில் யாராவது ஆறு மாத மாத்திரை சாப்பிட்டார்களா, ஒரே விசைப்படகில் அடுத்தடுத்துப் படுத்துறங்கும் கூட்டாளிகளில் யாருக்காவது நீண்ட நாள் இருமல் இருந்ததா என்று கேளுங்கள். குடியைப் பற்றிக் கேட்கும்போது, மனைவி மக்களைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, குரலில் குற்றம் சாட்டாமல் கேளுங்கள். எல்லா ஈரல் நோயும் குடியால் வருவது என்ற முடிவோடும் போகாதீர்கள். வாழ்நாளில் மதுவைத் தொடாத கீழக்கரைப் பெரியவருக்குச் சர்க்கரையும் கொழுப்பு ஈரலும் சேர்ந்து இதே நிலை வரலாம். ஹெபடைட்டிஸ் பி, சி எவரையும் பார்த்து வருவதில்லை. அந்தப் பெரியவரின் வீட்டில் ‘வாப்பா குடித்தாரா?’ என்று மகனிடம் கேட்ட மாத்திரத்தில் அடுத்த பத்துக் கேள்விக்கும் பதில் வராமல் போய்விடும்.

வீட்டாரிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாரா, பேச்சு தடுமாறுகிறதா? மூளைக்கு விஷம் ஏறத் தொடங்கியதற்கு அதுதான் முதல் அடையாளம். அதைத் தூண்டிவிட்டது நெஞ்சு நீரில் புகுந்த கிருமியாகவும் இருக்கலாம்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஈரல் கெட்ட ஒருவர் கடலில் இறங்கி, காலில் சிப்பி கீறியோ மீன் முள் குத்தியோ வந்தால் அந்தக் காலை அவசியம் பாருங்கள். கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிபிகஸ் என்ற கிருமி, நல்ல ஈரல் உள்ளவரைப் பெரிதாகத் தொடாது. ஈரல் நோயாளியை ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடும். நெஞ்சு நீருக்கு வந்தவரிடம் காலைப் பார்ப்பது வீண் வேலையாக இந்தக் கரையில் ஆகாது.

தட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும்

சட்டையைக் கழற்றி முதுகுப் பக்கம் தட்டுங்கள். முன்பக்கம் மட்டும் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்துவிட்டு நகர்ந்தால், அரை லிட்டர் நீரை எளிதாகத் தவறவிடுவீர்கள். கழுத்துச் சிரை எழும்பியிருந்தால் இதயத்தைச் சந்தேகியுங்கள். கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டு படபடக்கிறதா என்று பாருங்கள். விரலில் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயை நிற்கவைத்தோ உட்காரவைத்தோ எடுங்கள். நேர்ப்படத்தில் நுரையீரலின் கீழ் மூலை மழுங்குவதற்கே சுமார் 200 மில்லிலிட்டர் வேண்டும், பக்கவாட்டுப் படத்தில் 50 போதும். படுக்கவைத்து எடுத்தால் நீர் முதுகுப்பக்கம் பரவி, ஒரு பக்கம் முழுவதும் பனிமூட்டமாகத் தெரியும். அதை நிமோனியா என்று படித்துவிடுவது வழக்கமான பிழை.

எந்தப் பக்கம் என்பதற்கு மதிப்பு உண்டு. ஈரலால் வரும் நீர் சுமார் 85 சதவீதம் வலப்பக்கம் வருகிறது. பத்துக்குச் சற்று அதிகமான சதவீதம் இடப்பக்கம், மிகச் சிலருக்கு இரண்டு பக்கமும். ஆகவே இடப்பக்கம் மட்டும் நீர் இருந்தால் ஈரலைக் குற்றம் சாட்டும் முன் காசநோயையும் கணைய அழற்சியையும் புற்றுநோயையும் ஒரு முறை சுற்றி வாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் முதலில் இதயத்தைப் பாருங்கள். நீண்ட நாள் குடி ஈரலோடு இதயத்தசையையும் தளர்த்தியிருக்கும் என்பதால், இதய ஸ்கேனான எக்கோ எல்லோருக்கும் ஒரு முறையாவது வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் கருவி கையருகே இருந்தால், அதைவிடச் சிறந்த நண்பன் இந்த வேலைக்கு இல்லை. நீர் எவ்வளவு, உள்ளே நூல் நூலாகத் தடுப்புகள் இருக்கின்றனவா, உதரவிதானம் எங்கே ஏறி நிற்கிறது, ஈரலின் மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கிறதா, மண்ணீரல் பெருத்திருக்கிறதா, ஈரலில் கட்டி ஏதும் உண்டா, கையால் தட்டினால் தெரியாத அளவு வயிற்றில் நீர் இருக்கிறதா என்று ஒரே நேரத்தில் காட்டிவிடும். நூல் நூலான தடுப்புகள் ஈரல் நீருக்குப் பொருந்தாதவை. சீழோ காசநோயோ என்று யோசியுங்கள்.

ஊசி

முதல் முறை நீர் கண்டுபிடிக்கப்பட்ட எந்த ஈரல் நோயாளிக்கும் நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். பெரும்பாலும் தள்ளிப்போவதற்கு இரண்டு அச்சங்கள் காரணம்.

ஓர் அச்சம் மருத்துவருடையது: ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 2 இருக்கிறது, உறைய உதவும் பிளேட்லெட் குறைந்திருக்கிறது, ரத்தம் கொட்டிவிடுமே என்பது. ஈரல் நோயில் ரத்தத்தை உறையவைப்பவையும் உறையாமல் தடுப்பவையும் சேர்ந்தே குறைகின்றன. அதனால் அந்த எண்கள் ரத்தக்கசிவை முன்கூட்டிச் சொல்வதில்லை. எண்ணைச் சரிசெய்ய மட்டும் பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் ஏற்றிவிட்டுத்தான் ஊசி என்று வழிகாட்டு நெறிகள் கேட்பதில்லை. ரத்தம் ஏற்கெனவே பல இடங்களில் கசிந்துகொண்டிருக்கும் நோயாளி என்றால் மட்டும் மூத்தவரை அழையுங்கள்.

மற்றொன்று வீட்டாருடையது: “நீரை எடுத்தால் ஆள் போய்விடுவார்” என்பது. இந்தப் பேச்சு ஊருக்கு ஊர் இருக்கிறது. கடைசி நேரத்தில் வந்து, நீர் எடுத்து, அதே வாரத்தில் இறந்தவர்களைக் கண்டு வந்த அச்சம் அது. கடிந்து பேசினால் போகாது. உட்கார்ந்து, “அம்மா, இப்போது எடுப்பது ஒரு டம்ளருக்கும் குறைவு. உள்ளே கிருமி இருக்கிறதா, காசநோய் இருக்கிறதா என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. நீர் மறுபடி சேரலாம். சேர்ந்தால் அது நோயால் சேர்வது, ஊசியால் சேர்வது இல்லை” என்று சொல்லுங்கள். நீர் திரும்ப வரக்கூடும் என்பதை முதலிலேயே சொன்னால்தான் இரண்டாம் முறை உங்களை நம்புவார்கள்.

இனி செய்முறை. நோயாளியைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, முன்னால் ஒரு மேசையில் தலையணை வைத்துக் கைகளை அதன் மேல் மடித்துச் சாயச் சொல்லுங்கள். அதே நிலையில் அல்ட்ராசவுண்ட் வைத்து இடத்தைக் குறியுங்கள். ஸ்கேன் அறையில் படுக்கவைத்துக் குறித்த இடம், வார்டில் உட்காரவைத்ததும் நகர்ந்திருக்கும். வயிற்றில் நீர் நிறைந்தவருக்கு உதரவிதானம் ஓரிரு விலா உயரம் மேலே ஏறியிருக்கும். பாடப்புத்தகத்தில் படித்த விலா எண்ணை நம்பிக் கீழே குத்தினால் ஊசி ஈரலுக்குள் போகும். முதுகெலும்பை ஒட்டியும் குத்தாதீர்கள். அங்கே ரத்தநாளம் விலாவின் மறைவில் ஓடாமல் இடைவெளியின் நடுவில் ஓடுகிறது. ஒரு கையளவு தள்ளி, கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டி, மரப்பு மருந்து கொடுத்துக்கொண்டே உள்ளே போங்கள். நீர் சிரிஞ்சில் வந்ததும் ஊசியின் ஆழத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் போதும். நிறத்தை அங்கேயே எழுதுங்கள். வைக்கோல் நிறத் தெளிவு என்றால் ஈரல் நீருக்குப் பொருந்தும். கலங்கல், பால் போன்ற வெளுப்பு, ரத்தம், சீழ் எதுவானாலும் அதே சொல்லில் எழுதுங்கள். ‘நீர் எடுக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதிய கேஸ் ஷீட் அடுத்த மருத்துவருக்கு எதையும் சொல்லாது.

குழாய்களில்தான் அதிகம் தவறு நடக்கிறது என்பதால், இங்கே செவிலியர் உதவி பெரிது. ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே எல்லாவற்றையும் தட்டில் வரிசையாக, பெயர் ஒட்டி வைத்துவிடுங்கள். அணுக்களை எண்ண ஊதா மூடிக் குழாய். புரதம், ஆல்புமின், எல்டிஹெச் என்ற நொதி, சர்க்கரை, காசநோயில் ஏறும் ஏடிஏ என்ற நொதி இவற்றுக்குத் தனிக் குழாய்கள். எதற்கு எந்த மூடி என்று உங்கள் லேபில் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்குக் கிருமி நீக்கிய குப்பி ஒன்று. புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் உயிரணுச் சோதனைக்கு இன்னொன்று. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு மட்டும் வெறும் குப்பி வேண்டாம். ரத்தக் கல்ச்சர் பாட்டில்கள் இரண்டில், ஒவ்வொன்றிலும் 10 மில்லிலிட்டர் வரை, நோயாளியின் கட்டிலருகிலேயே செலுத்துங்கள். இந்த நீரில் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. வெறும் குப்பியில் அனுப்பினால் முளைக்காமலே போய்விடும். பாட்டிலின் ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, பிறகு குத்துங்கள். செலுத்திய பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். மாதிரி வண்டியில் போகும்போது ஐஸ் பெட்டிக்குள் மற்ற குழாய்களோடு இதையும் யாராவது அக்கறையாக வைத்துவிடுவார்கள். பாட்டில் மேலேயே ‘குளிரில் வைக்காதீர்கள்’ என்று எழுதிவிடுங்கள்.

அதே நேரத்தில் கையிலிருந்து ரத்தமும் எடுங்கள். ரத்தத்தின் புரதம், ஆல்புமின், எல்டிஹெச் இல்லாமல் நெஞ்சு நீரின் எண்கள் பாதி ஊமை. நான் கண்டவரை, பரிந்துரைக் கடிதங்களில் அதிகம் விடுபட்டுப்போவது இதுதான்.

வயிற்றிலும் நீர் இருந்தால் அதையும் தனி ஊசியில் எடுத்து, ‘நெஞ்சு’, ‘வயிறு’ என்று கொட்டை எழுத்தில் பிரித்து அனுப்புங்கள். வயிற்று நீர் சுத்தமாக இருந்தும் நெஞ்சு நீரில் கிருமி இருப்பது அபூர்வம் அல்ல. கிருமி புகுந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவருக்கு வயிற்றில் ஒன்றும் இருக்காது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்காதீர்கள்.

எண்களைப் படிப்பது

முதலில் அணுக்கள். மற்ற முடிவுகள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். எண்ணும் அறையும் மைக்ரோஸ்கோப்பும் உள்ள எந்தச் சிறிய லேபிலும் ஒரு மணி நேரத்தில் இதைச் சொல்லிவிடலாம். மாதிரி பல மணி நேரம் வெயிலில் கிடந்தால் அணுக்கள் சிதைந்து எண்ணிக்கை பொய் சொல்லும். ஆகவே இதை உள்ளூரிலேயே முடியுங்கள். லேப் நுட்பநருக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முன்னால் எடுத்துப் பார்ப்பார்.

மொத்த வெள்ளணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 900, அதில் கிருமியை எதிர்க்கும் வகையான நியூட்ரோபில் 60 சதவீதம் என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரோபில் எண்ணிக்கை 540. எக்ஸ்ரேயில் நிமோனியா இல்லாத நிலையில் இந்த எண்ணிக்கை 500ஐத் தாண்டினால், கல்ச்சரில் ஒன்றும் முளைக்காவிட்டாலும் கிருமி புகுந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். கல்ச்சரில் கிருமி முளைத்தால் 250ஐத் தாண்டியதே போதும். இரண்டுக்கும் நடுவில் இருந்து, ஆள் சோர்ந்தோ காய்ச்சலாகவோ குழப்பமாகவோ இருந்தால், கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்காமல் மூத்தவரைக் கேட்டு ஆன்டிபயாட்டிக் தொடங்குங்கள். மருந்து போகும் முன் கல்ச்சர் எடுத்தாயிற்றா என்பதை மட்டும் பாருங்கள்.

அடுத்து, இது அழுத்தத்தால் கசிந்த நீரா, உறை நோயுற்றதால் ஊறிய நீரா? முதலாவதை ட்ரான்சுடேட், இரண்டாவதை எக்சுடேட் என்கிறோம். இவற்றைப் பிரிக்கும் லைட் விதிகள் உங்களுக்குப் பழக்கமானவை: நீரின் புரதத்தை ரத்தப் புரதத்தால் வகுத்தால் 0.5க்கு மேல், எல்டிஹெச் விகிதம் 0.6க்கு மேல், அல்லது நீரின் எல்டிஹெச் ரத்தத்தின் இயல்பான மேல் எல்லையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இவற்றில் ஒன்று இருந்தாலே எக்சுடேட். ஈரல் நீர் ட்ரான்சுடேட். அதன் புரதம் பொதுவாக டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்குக் கீழே இருக்கும், சர்க்கரை ரத்தத்தை ஒத்திருக்கும்.

இங்கேதான் நீர் மாத்திரை பற்றிக் கேட்டது கைகொடுக்கிறது. வாரக்கணக்கில் அதைச் சாப்பிட்டவருக்கு நெஞ்சு நீரிலிருந்து தண்ணீர் வற்றிப் புரதம் செறிவாகிறது. லைட் விதி மயிரிழையில் ‘எக்சுடேட்’ என்று சொல்லிவிடும். அதை நம்பிக் காசநோய் மருந்தைத் தொடங்கிவிடாதீர்கள். ரத்த ஆல்புமினிலிருந்து நீரின் ஆல்புமினைக் கழியுங்கள். ரத்தத்தில் 2.4, நீரில் 0.9 என்றால் வித்தியாசம் 1.5. இது 1.1க்கு மேல் இருந்தால் போர்ட்டல் அழுத்தத்தால் வந்த நீர் என்பதற்கே அதிக வாய்ப்பு.

காசநோயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீரில் லிம்போசைட் என்ற வகை வெள்ளணுக்கள் மிகுந்து, எக்சுடேட்டாக இருந்து, ஏடிஏ 40க்கு மேல் இருந்தால் காசநோயின் பக்கம் தராசு சாயும். நெஞ்சு நீரில் சிபிநாட் ‘இல்லை’ என்று சொன்னால் அதை வைத்துக் காசநோயைத் தள்ளிவிட முடியாது, உறை நீரில் அது பல நேரம் பிடிபடுவதில்லை. சளி இருந்தால் சளியையும் அனுப்புங்கள். தேவைப்பட்டால் உறையிலிருந்து சதைத்துணுக்கு எடுக்க மேல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இவ்வளவு தயக்கம் எதற்கு என்றால், காசநோய் மருந்துகளான ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே ஈரலைத் தாக்குபவை. மீதமிருக்கும் ஈரலையும் ஆதாரமில்லாத சந்தேகத்துக்காகப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. அதே வேளையில் உண்மையான காசநோயைத் தவறவிடவும் உரிமை இல்லை. இரண்டுக்கும் நடுவில் நம்மிடம் இருப்பது ஒரு குப்பி நீரின் எண்கள்தான்.

பால் நிறமாக இருந்தால் ட்ரைகிளிசரைடு கேளுங்கள். டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல் என்றால் நிணநீர் கலந்திருக்கிறது. ஈரல் நோயிலும் அது வரும். இடப்பக்க நீரும் வயிற்று வலியும் இருந்தால் கணைய நொதியான அமைலேஸ். ரத்தம் கலந்த நீர் என்றால் உயிரணுச் சோதனை, தேவைக்கேற்ப சிடி ஸ்கேன்.

எல்லாம் செய்த பிறகும், வயிற்றில் நீரே இல்லாததால் சந்தேகம் தீராதவர்கள் சிலர் இருப்பார்கள். வயிற்றறையில் சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் நெஞ்சில் தெரிகிறதா என்று பார்க்கும் ஸ்கேன் ஒன்று உண்டு. அது நியூக்ளியர் மெடிசின் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் நடக்கும். பெரும்பாலான நோயாளிகளுக்கு அதுவரை போக வேண்டியிருக்காது.

குழாய் போடாதீர்கள்

நீரைக் கண்டதும் நெஞ்சில் ட்யூப் போட்டு மொத்தமாக வடித்துவிடலாம் என்ற எண்ணம் வரும். விபத்தில் ரத்தம் கட்டியவருக்கும் சீழ் கட்டியவருக்கும் அது உயிர் காக்கும். ஈரல் நீருக்கு அது உயிரை எடுக்கும். அடிப்பலகை இணைப்பில் ஓட்டை விழுந்த நாட்டுப்படகைப் போன்றது இது. ஓட்டை இருக்கும்வரை எவ்வளவு இறைத்தாலும் கடல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். இங்கே இறைக்கும் ஒவ்வொரு லிட்டரோடும் புரதமும் உப்புகளும் வெளியேறுகின்றன. சிறுநீரகம் நின்றுபோகிறது, துளை வழியே கிருமி ஏறுகிறது, குழாயை எடுக்கவும் முடிவதில்லை. நீரில் கிருமி இருக்கிறது என்று அணுக்கள் சொன்னாலும்கூட, கண்ணால் பார்க்கும் சீழாக இல்லாதவரை குழாய் வேண்டாம், ஆன்டிபயாட்டிக் போதும். இதனால்தான் நீரின் இயல்பைத் தெரிந்துகொள்ளும் முன் குழாயைக் கையில் எடுக்கக் கூடாது என்கிறேன்.

மூச்சுக்குத் தவிக்கும் நோயாளிக்கு ஊசி வழியாக ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை மெல்ல எடுங்கள். இரண்டு லிட்டரைத் தாண்ட வேண்டாம், சுருங்கியிருந்த நுரையீரல் திடீரென்று விரிந்து அதிலேயே நீர் கோத்துவிடும். நடுவில் இருமல் நிற்காமல் வந்தாலோ நெஞ்சு இறுகுகிறது என்றாலோ அத்தோடு நிறுத்துங்கள். மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர் தீவில் இருக்கிறார், ஆக்சிஜன் 85க்குப் போய்விட்டது, நாடித்துடிப்பு ஓடுகிறது என்றால், ‘அங்கே போய் எடுத்துக்கொள்ளட்டும்’ என்று பாம்பன் பாலத்தின் மேல் 108 வண்டியில் அனுப்பிவிடாதீர்கள். அரை லிட்டரையாவது இங்கேயே எடுத்து, மூச்சைத் தணித்து, அந்த நீரையே சோதனைக்கும் வைத்து, பிறகு அனுப்புங்கள்.

அனுப்பும்போது

ஈரல் நீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று உறுதியானால், ஈரல் தன் கடைசி இருப்பைச் செலவழிக்கிறது என்று பொருள். உப்புக் குறைப்பும் நீர் மாத்திரையும் தொடக்கம்தான். போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சைக்கோ ஈரல் மாற்றுக்கோ தகுதி உண்டா என்று இப்போதே பார்க்க வேண்டும். மூன்று முறை நீர் எடுத்த பிறகு பார்க்கலாம் என்றால் உடல் தாங்கும் நிலையைக் கடந்திருக்கும். ‘நமக்கெல்லாம் எட்டுமா’ என்று வீட்டார் கேட்பார்கள். சென்னையில் அரசு மருத்துவமனையிலேயே ஈரல் மாற்று நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, பெயர் சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் ‘பிளூரல் எஃப்யூஷன், மேல் சிகிச்சைக்கு’ என்று ஒற்றை வரி வேண்டாம். எந்தப் பக்கம், எவ்வளவு எடுத்தீர்கள், என்ன நிறம், நியூட்ரோபில் எண்ணிக்கை, நீர் மற்றும் ரத்த ஆல்புமின், ஆன்டிபயாட்டிக் தொடங்கிய நேரம், அதற்கு முன் கல்ச்சர் எடுத்தீர்களா, நீர் மாத்திரையின் அளவு எல்லாம் எழுதுங்கள். கல்ச்சர் முடிவு வர இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். அதற்குள் நோயாளி மதுரையில் இருப்பார், அல்லது சற்றுத் தேறி வீட்டுக்கே போயிருப்பார். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 அன்று முடிந்ததும் படகேறிவிட்டவரைத் தேடிப்பிடிப்பது எளிதல்ல. ஆகவே நோயாளியின் எண்ணோடு கரையில் இருக்கும் ஒருவரின் எண்ணையும் வாங்கி வைத்து, லேபுக்கு நீங்களே அழைத்து முடிவைக் கேட்டு, கிருமி முளைத்திருந்தால் இரண்டு இடத்துக்கும் சொல்லுங்கள்.

அவர் மறுபடி வரும்போது காய்ச்சல், நெஞ்சு வலி, பேச்சில் தடுமாற்றம், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் ஏறிய கிரியாட்டினின் இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் நீரை மறுபடி எடுத்து அணுக்களை எண்ணுங்கள். போன மாதச் சீட்டில் ‘கிருமி இல்லை’ என்று எழுதியிருப்பது போன மாதத்து நீருக்கு மட்டுமே பொருந்தும்.